ஒரே வயிற்றில் நாலாம் முறை ஜியார்டியா

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். ஊர் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் இங்கே பேச்சு முக்கால்வாசி தமிழ்தான். ரிப்போர்ட்டை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்போம், "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று தமிழில் கேட்பார்கள். அப்படிக் கேட்ட ஒரு குடும்பத்துக்கு நின்றவாக்கில் சொன்னதைத்தான் இங்கே உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

அந்த வீட்டுப் பையனுக்கு நாலு வயது. வயிற்றால் போகிறது என்று கூட்டி வந்தார்கள். மலப் பரிசோதனை எங்களுக்கு அன்றாட வேலை. ஸ்லைடில் ஒரு பக்கம் சலைன் ஒரு சொட்டு, மறுபக்கம் அயோடின் ஒரு சொட்டு. தீக்குச்சி முனையளவு மலத்தை இரண்டிலும் கரைத்து, கவர் ஸ்லிப்பை மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அவன் மலம் தண்ணீராக, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றம் தாங்காமல் இருந்தது. சூடு ஆறுவதற்குள் பார்த்ததால் உயிரோடு அகப்பட்டது. பேரிக்காயை நெடுக வகுந்தது போன்ற உடம்பு. உள்ளே இரண்டு உட்கரு, இரண்டு கண் மாதிரி. அரச இலை உதிரும்போது புரண்டு புரண்டு இறங்குமே, அதே நடை. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. நாம் அதைப் பார்க்கிறோமா, அது நம்மைப் பார்க்கிறதா என்று முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஒரு நிமிடம் குழப்பமாகத்தான் இருக்கும்.

1681-இல், மைக்ராஸ்கோப்பில் கிருமிகளைப் பார்த்து எழுதிய டச்சுக்காரர் லேவன்ஹுக் தன்னுடைய மலத்தையே தன் லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது கண்டதும் இதைத்தான் என்கிறார்கள். புதிய பூச்சி ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் பூச்சியே இல்லை. பிப்ரவரி 10 அன்று பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற அல்பெண்டசோல் மாத்திரை குடற்புழுக்களுக்கானது. உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவை அதில் போகும். ஜியார்டியா ஒற்றைச் செல் உயிரி. அந்த ஒரு மாத்திரைக்கு அது அடங்காது. "போன வாரம்தானே பூச்சி மாத்திரை கொடுத்தோம்" என்று சொல்பவர்களிடம் இதை நான் மாதம் ஒருமுறையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

பையனுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள், நின்றது. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. நான் பெரிய மனுஷன் மாதிரி, "தண்ணிதாங்க காரணம், கிணத்துல குளோரின் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். போட்டார்கள். மூன்றாம் முறை வந்தது. நாலாம் முறை ஸ்லைடில் அந்த இரண்டு கண்ணைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அதே கிணறு, அதே சட்டி, அதே தட்டு. அவளுக்கு ஒன்றுமே வரவில்லை. இதை நான் மூன்று தடவையும் யோசிக்கவில்லை.

தண்ணீர் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் வந்தது தங்குகிறதா, போகிறதா என்பதைத் தண்ணீர் தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? ஜியார்டியா எப்படிப் பிழைக்கிறது என்று பார்த்தால் புரியும். பத்து சிஸ்ட் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம். சிஸ்ட் என்பது அதன் கெட்டி ஓடு போட்ட உருவம். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சிறுகுடலுக்குள் வந்ததும் ஓட்டை உடைத்து வெளியே வந்து, அடிவயிற்றில் இருக்கும் உறிஞ்சு வட்டால் குடல் சுவரைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால்தான் பிழைப்பு. குடலில் எல்லாம் கீழே கீழே என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பிடி விட்டால் வெளியேதான் போக வேண்டும்.

கோகுலாஷ்டமிக்கு வழுக்கு மரம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறுகிறவனை யாரும் அடிப்பதில்லை, தள்ளுவதில்லை. மரத்தில் எண்ணெய் தடவியிருக்கிறது, அவ்வளவுதான். நம் குடலும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்த்துக்கொள்கிறது. அங்கே சுரக்கிற எதிர்ப்பொருளுக்கு ஐஜிஏ என்று பெயர். அது ஜியார்டியாவின் மேல் போய்ப் படிந்து, பிடிமானம் கிடைக்காமல் செய்துவிடுகிறது. எதிர்ப்புசக்தி என்றாலே படை, போர், வீரர்கள் என்று எழுதுகிறார்கள். குடலைப் பொறுத்தவரை எனக்கு அந்த உவமை சரியாகப் படவில்லை. இங்கே பெரும்பாலும் வழுக்கிவிடுகிற வேலைதான். அந்த வேலைக்காக நம் உடம்பு தினமும் சில கிராம் ஐஜிஏ செய்து குடலுக்குள் விடுகிறது. மற்ற எதிர்ப்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

இந்த எதிர்ப்பொருள்களைச் செய்பவை பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள். முற்றிய பி அணு பிளாஸ்மா அணுவாகிக் குடல் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். பிறவியிலேயே இந்த அணுக்கள் உருவாகாமல் போனால்? மரத்துக்கு எண்ணெய் இல்லை. ஏறுகிறவன் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். மருந்து கொடுத்து இறக்கலாம். அடுத்தவன் வந்தால் அவனும் ஏறுவான்.

நாலாம் முறை பார்த்த டாக்டரம்மா புதிதாக வந்தவர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு டார்ச்சை எடுத்துப் பையன் தொண்டையில் அடித்தார். நாலு வயதுப் பிள்ளைக்கு டான்சில் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிய வேண்டும். இவனுக்கு அந்த இடம் வெறுமையாக இருந்தது. டான்சிலில் நிறைந்திருப்பவை பெரும்பாலும் பி அணுக்கள்தான். அவை இல்லாவிட்டால் டான்சில் வளராது. காதில் சீழ் வருமா என்று கேட்டார். வரும். சளிக்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறானா? இரண்டு தடவை. எப்போதிலிருந்து? எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து.

அப்புறம் கூட வந்திருந்த அம்மாயியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு ஆம்பளப் பிள்ளைங்க எத்தனை பேருங்கம்மா?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப ஒருத்தனுங்க. முன்னால ரெண்டு பேரு தவறிட்டாங்க. ரெண்டு வயசு தாண்டல. கணைன்னு சொன்னாங்க சாமி, மந்திரிச்சுப் பாத்தோம்."

ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். இம்யூனோகுளோபுலின், அதாவது எதிர்ப்பொருள்களின் அளவு பார்க்கிற பரிசோதனை. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றும் அடிமட்டத்தில் இருந்தன. பி அணு எண்ணிக்கை கிட்டத்தட்டப் பூஜ்யம்.

இந்தக் குறைபாட்டை முதலில் எழுதி வைத்தவர் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், 1952-இல். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குத் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வந்ததைப் பார்த்து, அவன் ரத்தத்தில் காமா குளோபுலினே, அதாவது எதிர்ப்பொருள்களே இல்லை என்று கண்டுபிடித்தார். ஊசி வழியாக அதைக் கொடுத்ததும் பையன் தேறினான். காரணமான மரபணு கிடைக்க 1993 வரை ஆனது. புரூட்டன் பெயரையே சேர்த்து அதற்கு பிடிகே என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் பழுதைச் சுமக்கிற தாய்க்கு நோய் இருக்காது. அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர சரிபாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்க சரிபாதி வாய்ப்பு. அம்மாயி, அம்மா, பையன் என்று இறங்கி வந்திருக்கிறது. தாய்மாமன்கள் யாராவது குழந்தையிலேயே தவறியிருக்கிறார்களா என்று டாக்டர்கள் கேட்பது அதனால்தான். குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இல்லாமல் புதிதாகவும் இது வரலாம்.

அந்த வீட்டில் உடனே, "அத்தை மகனைக் கட்டினதாலயா?" என்று கேட்டார்கள். இந்த வகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவின் பக்கத்திலிருந்து மகனுக்கு எக்ஸ் வருவதே கிடையாது. ஆனால் பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டுகிற வழக்கம் அந்த வகைகளுக்கு வாய்ப்பைக் கூட்டும். இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மருமகளைக் குத்திக் காட்டுவதற்கான விஷயமும் இல்லை.

சரி, அந்த எட்டு மாதம் வரைக்கும் பையன் நன்றாக இருந்தானே, எப்படி? கருவில் இருக்கும்போதே தாயின் ஐஜிஜி குழந்தைக்கு வந்துவிடுகிறது. பிறந்தபின் அது மெதுவாகக் கரையும். தாய்ப்பாலில் வரும் ஐஜிஏ குடலைப் பார்த்துக்கொள்ளும். சொந்த உற்பத்தி தொடங்க வேண்டிய நேரத்தில்தான் கஜானா காலி என்பது தெரிய வரும்.

எல்லோருக்கும் இவ்வளவு சின்ன வயதில் தெரிந்துவிடாது. சிவிஐடி என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பி அணு இருக்கும், ஆனால் உருப்படியாக எதிர்ப்பொருள் செய்யாது. இருபது, முப்பது வயதுக்கு மேல்கூடக் கண்டுபிடிக்கப்படும். ஆண், பெண் இருவருக்கும் வரும். இவர்களையும் ஜியார்டியா விடாது. எடை குறைந்து, எது சாப்பிட்டாலும் வயிறு உப்பி, வருஷக்கணக்கில் 'கேஸ் டிரபிள்' என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பார்கள். எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தால், அங்கே கும்பலாக இருக்க வேண்டிய பிளாஸ்மா அணுக்கள் இல்லாமல் இருப்பது ஒரு துப்பு. ஐஜிஏ மட்டும் குறைவாக இருப்பவர்களும் உண்டு. அது கொஞ்சம் சாதாரணமாகக் காணப்படுவதுதான், பெரும்பாலோருக்குத் தொந்தரவே இருக்காது. சிலருக்கு மட்டும் ஜியார்டியா போகாமல் இழுக்கும்.

இப்போது இன்னொரு கிருமிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன், ஏனென்றால் இதில் லேபுகாரனான என் பங்கும் இருக்கிறது. பெயர் கிரிப்டோஸ்போரிடியம். அதன் முட்டை போன்ற உருவம் 4 முதல் 6 மைக்ரான்தான், சிவப்பணுவைவிடச் சின்னது. நான் மேலே சொன்ன சலைன், அயோடின் ஸ்லைடில் அது ஈஸ்ட் மாதிரி கிடக்கும். கண்ணில் பட்டாலும் படாத மாதிரிதான். அதற்குத் தனிச் சாயம் ஏற்ற வேண்டும். டிபி கிருமிக்கு ஏற்றுகிற சாயத்தையே கொஞ்சம் மாற்றிச் செய்வோம். நீலப் பின்னணியில் சிவப்புச் சிவப்பாகக் குட்டி உருண்டைகள் தெரியும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் சீட்டில் 'மலப் பரிசோதனை' என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலான லேபில் இந்தச் சாயம் ஏற்ற மாட்டார்கள். ரிப்போர்ட்டில் 'ஒன்றும் காணப்படவில்லை' என்று போய்விடும். காணப்படவில்லை என்பதும் தேடவில்லை என்பதும் ஒன்றல்ல.

நல்ல எதிர்ப்புசக்தி உள்ளவர்களுக்குக் கிரிப்டோ வந்தால் ஒன்றிரண்டு வாரம் தண்ணீராகப் போய்த் தானே நின்றுவிடும். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீரில் இது கலந்து சுமார் 4 லட்சம் பேர் படுத்தார்கள். ஊர் முழுக்கக் குளோரின் போட்ட தண்ணீர்தான். வழக்கமாகப் போடுகிற அளவுக் குளோரின் இதை ஒன்றும் செய்யாது. நான் அந்த வீட்டுக் கிணற்றுக்குக் குளோரின் சொன்ன லட்சணம் இவ்வளவுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது புதிதல்ல: வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து இந்தக் கிருமியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

இது ஜியார்டியாவைப் போல மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. குடல் செல்லின் தோலுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. அதனால் எண்ணெய் தடவுகிற கதை இங்கே போதாது. டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்தாக வேண்டும். டி அணுவின் மேல் சிடி40 லைகண்ட் என்று ஒரு கொக்கி உண்டு. அதைக் கொண்டு மற்ற அணுக்களைத் தொட்டு வேலை ஏவும். அந்தக் கொக்கி பிறவியிலேயே இல்லாத பையன்கள் இருக்கிறார்கள். ஹைப்பர் ஐஜிஎம் என்ற நோயில் இதுதான் முக்கிய வகை, இதுவும் எக்ஸ் வழி வருவது. டி அணு ஏவாததால் பி அணு ஐஜிஎம்மோடு நின்றுவிடும். ஐஜிஜி, ஐஜிஏ செய்ய மாறாது. ரிப்போர்ட்டில் ஐஜிஎம் சரியாகவோ கூடுதலாகவோ இருப்பதைப் பார்த்து, "ஒண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாந்துவிடக்கூடாது.

இந்தப் பிள்ளைகளின் குடலில் கிரிப்டோ புகுந்தால் எளிதில் போகாது. மெதுவாகப் பித்தக்குழாய்க்குள் ஏறும். குழாய் புண்ணாகித் தழும்பேறிச் சுருங்கும். பித்தம் வடியாமல் கல்லீரல் கெடும். பேதி கொஞ்சமாகத்தான் இருக்கும், அதற்குள் கல்லீரல் போயிருக்கும். நைட்டசாக்ஸனைடு என்ற மருந்து சாதாரணக் குழந்தைகளுக்கு ஓரளவு கேட்கிறது. எதிர்ப்புசக்தியே இல்லாதவர்களுக்கு அதை நம்ப முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் புது டி அணுக்கள் வந்து நிலைமை மாறலாம், அதுவும் கல்லீரல் கெடுவதற்கு முன்னால் செய்தால்தான் நல்ல பலன். ஆகவே இவர்களுக்குக் கிரிப்டோ வராமல் பார்ப்பதே பாதி வைத்தியம்.

எங்கிருந்து வரும்? மனிதர்களிடமிருந்தும் வரும், கன்றுக்குட்டியிடமிருந்தும் வரும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் மாடு இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறந்து சில வாரமே ஆன கன்று கழிகிறபோது கோடிக்கணக்கில் கிருமி வெளியே வருகிறது, வந்த நிமிடமே அது தொற்றத் தயார். இப்படிக் குறைபாடு உள்ள பிள்ளையைக் கழிகிற கன்றோடு விளையாட விடக்கூடாது. தொழுவத்திலிருந்து வருகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். சானிடைசர் இந்தக் கிருமிக்கு உதவாது.

தண்ணீருக்கு வழி, கொதிக்க வைப்பது. நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் ஜியார்டியாவும் சாகும், கிரிப்டோவும் சாகும். கேரளத்தில் இருக்கிற நமக்கு இது தெரியாதா என்று தோன்றும். கல்யாண வீட்டிலும் ஹோட்டலிலும் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர்தானே கொடுக்கிறார்கள். அங்கேதான் ஒரு சங்கதி. கொதித்த தண்ணீர் சூடாக இருக்கிறது என்று பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவி வைப்பார்கள். நிறம் மாறாது, சீரக வாசமும் இருக்கும், கிருமியும் இருக்கும். அந்த வீட்டிலும் பையனுக்குச் சூடு தாங்காது என்று விளாவித்தான் கொடுத்திருக்கிறார்கள். கோடையில் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் இது இன்னும் மோசம். ஆற வைப்பதற்குப் பொறுமை வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

புரூட்டன் வகைக் குறைபாடு உள்ள நம் பையனுக்கு இப்போது மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறார்கள். பலர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி அது. வாழ்நாள் முழுக்க வேண்டும். காது, நுரையீரல் தொற்றுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒரு விஷயத்தை வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை: ஏற்றுகிற மருந்தில் இருப்பது ஐஜிஜி, குடலுக்கு வேண்டியது ஐஜிஏ. ரத்தத்தில் ஏற்றினால் குடலுக்குள் எண்ணெய் தடவினதாகாது. ஜியார்டியா இனியும் வரலாம், வந்தால் மருந்தை அதிக நாள் கொடுக்கவோ மாற்றிக் கொடுக்கவோ நேரலாம். மெட்ரோனிடசோல் சாப்பிடுகிற பெரியவர்கள் கள்ளைத் தொடக்கூடாது என்பதை இந்த ஊரில் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல் எங்கள் பக்கம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து நோயைச் சொல்கிற பரிசோதனைகள் இவர்களிடம் பொய் சொல்லும். சிகிச்சைக்கு முன்னால் எதிர்ப்பொருளே கிடையாது, அதனால் நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரும். சிகிச்சைக்குப் பின்னால் இருப்பது தானம் கொடுத்தவர்களின் எதிர்ப்பொருள், அதனால் நோய் இல்லாமலேயே 'இருக்கிறது' என்று வரலாம். கிருமியையோ அதன் துண்டையோ நேரடியாகத் தேடும் பரிசோதனைதான் வேண்டும்: மைக்ராஸ்கோப், மலத்தில் ஆன்டிஜென், பிசிஆர். ஜியார்டியா தினமும் வெளியே வருவதும் இல்லை, அதனால் ஒரு நாள் பார்த்து இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி பார்க்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளையும், வீட்டில் அடுத்த குழந்தைக்குக் கொடுப்பது உட்பட, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

செலவு பெரிய கேள்விதான். அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில் பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடுகளும் வருகின்றன. பிள்ளையைப் பார்க்கிற டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தக் குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுத நானும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன்.

போன மாதம் அவன் அம்மா மூன்று டப்பாவோடு வந்தார். ஒவ்வொன்றிலும் தேதி, மணி, பேனாவால் எழுதி ஒட்டியிருந்தது. டாக்டர் சீட்டில் ஜியார்டியா, கிரிப்டோ இரண்டும் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்தில், தமிழில், 'சாயம் ஏத்திப் பார்க்கவும்' என்று இருந்தது.

"நானேதானுங்க எழுதினேன்" என்றார்.